மார்த்தாளின் கேள்வி

டிசம்பர் பிறந்துவிட்டால் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெண்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு என்று பலகாரம் சுட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்ப வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். கேரல் ரவுண்ட்ஸ் வருகிற பாட்டுக் குழுவுக்கு நடுச்சாமத்தில் காப்பி போட வேண்டும். 25ஆம் தேதி விடியுமுன் ஆராதனையில் போய் உட்காரும்போது கண் சொருகுகிறது. அந்த நேரத்தில்தான் பிரசங்க பீடத்திலிருந்து சமாதானப் பிரபுவின் பிறப்பு அறிவிக்கப்படுகிறது.

இந்தக் களைப்புக்குச் சபையில் வழக்கமாகச் சொல்லும் மருந்து ஜெபம். மார்த்தாளைப் போல் அலையாதீர்கள், மரியாளைப் போல் ஆண்டவரின் பாதத்தில் அமருங்கள் என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் ஒருவர் எழுந்துபோய் ஜெபத்தில் அமர்ந்தால், அவர் விட்ட வேலை யார் தலையில் விழுகிறது? ஒருவருடைய நிம்மதிக்கான சுமையை இன்னொருவர் முதுகில் ஏற்றிவிட்டு, அதற்குக் கிறிஸ்து தந்த சமாதானம் என்று பெயர் வைக்கலாமா?

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் மார்த்தாள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். தன்னைத் தனியாக வேலை செய்ய விட்டுவிட்டாளே தங்கை மரியாள், அதைப் பற்றி உமக்குக் கவலையில்லையா என்று இயேசுவிடமே முறையிடுகிறாள். அந்த முறையீட்டில் நியாயம் உண்டு. பிரசங்கங்கள் அதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகின்றன. இயேசு அவள் சமையலைக் குறை சொல்லவில்லை. அநேக காரியங்களைக் குறித்து அவள் மனம் கலங்குவதைச் சுட்டிக்காட்டுகிறார். மரியாளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பவும் இல்லை. அப்படியானால் மிஞ்சுகிற வழி ஒன்றுதான்: விருந்து சிறிதாகலாம். இரண்டு கறி குறைந்தால் அக்காளும் வந்து உட்காரலாம். யோவான் 12ஆம் அதிகாரத்தில், பஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் மார்த்தாள் மறுபடியும் பரிமாறுகிறாள். அங்கே அவளிடமிருந்து முறையீடும் இல்லை, அவளுக்குக் கண்டிப்பும் இல்லை. வேலையும் சமாதானமும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

எதைக் குறைப்பது என்பதுதான் கடினம். அண்டை வீட்டாருக்குப் பலகாரம் கொடுப்பது அன்பு. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. வட்டிக்கு வாங்கி எல்லாருக்கும் பட்டு எடுப்பது வேறு. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் அது. தொழுவத்தில் பிறந்தவரின் பெயரால் அந்தக் கடனைச் சுமக்க வேண்டியதில்லை.

பழைய சபைகள் இந்த நாட்களைத் திருவிழாவாக்காமல் நோன்பாக்கின. கேரளத்துச் சுறியானிக் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருப்பது இன்றும் உண்டு. மீனும் இறைச்சியும் இல்லாத அடுப்புக்குப் பண்டிகைக்கு முன்பே வேலை குறைகிறது. நம் சபைகளிலோ ஞாயிறு பள்ளி நிகழ்ச்சி, பெண்கள் ஐக்கியக் கூட்டம், பாடகர் ஒத்திகை என்று மாலைகள் எல்லாம் நிரம்பிவிடுகின்றன. வீட்டுக்குப் புத்தி சொல்லுமுன் சபை தன் அட்டவணையைக் குறைக்கட்டும்.

இயேசு தம் சமாதானத்தைச் சீஷருக்கு வைத்துப்போனது, தாம் பிடிபடப்போகும் இரவில். அவர்களுடைய கலக்கத்துக்குக் காரணம் எதுவும் அன்று நீங்கிவிடவில்லை. ஆகவே வேலையெல்லாம் முடியட்டும் என்று அந்தச் சமாதானம் காத்திருப்பதில்லை. எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவளுக்கும் அது கிடைக்கும். ஆனால் இதைச் சொல்லும் உரிமை, வேதபுத்தகத்தோடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆணுக்கு இல்லை. அவர் முதலில் தேங்காய் துருவட்டும், மாவு சலிக்கட்டும், பாத்திரம் கழுவட்டும்.

நாளும் ஒன்றும் ஓடிவிடாது. சபையின் நாட்காட்டியில் கிறிஸ்மஸ் 25ஆம் தேதியோடு முடிவதில்லை. ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள் நீள்கிறது. அடுத்த வீட்டுக்கு முந்திரிக்கொத்து ஜனவரி 3ஆம் தேதி போனாலும் அது கிறிஸ்மஸ் பலகாரம்தான்.