அணிகலனும் அகமும்

‘அணி’ என்னும் தமிழ்ச்சொல் பொருள் வளம் மிக்கது. உடலில் பூணுவது அணி. பூணும் செயல் அணிதல். செய்யுளுக்கு அழகு சேர்ப்பதும் அணியே. அதற்கென்றே தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்தது. ஒழுங்குற நிற்கும் படையும் அணியெனப் பெயர் பெற்றது. அழகையும் ஒழுங்கையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், ஒழுங்கில்லாத அழகை அழகென்று கருதவில்லை போலும். வள்ளுவரோ பணிவும் இன்சொல்லுமே மாந்தர்க்கு அணி என்றார். அவ்வாறாயின், உடையின்மேல் ஒருவர் விரும்பிச் சூடும் அணிகலன் வீண் பகட்டா? அன்றி, அவர் அகத்தைப் புறத்தே காட்டும் மொழியா? நீதி நூல்களில் மட்டுமன்றி அன்றாட இல்லங்களிலும் எழும் வினா இது.

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில், தெலோக் பங்லீமா காராங்கைக் கடந்தால் ஜெஞ்சாரோம் வரும். அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமமும், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும், தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் கொண்ட ஊர் அது. அவ்வூரின் எளிய வீடொன்றில் ஒரு தாயையும் மகளையும் எண்ணிப் பார்ப்போம். மறுநாள் கிள்ளானில் உறவினர் திருமணம். தாய், தன் நாத்தனாரிடமிருந்து நான்கு பவுன் சங்கிலியை ஒருநாள் இரவலாக வாங்கி வந்திருக்கிறாள். மகளோ பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து பித்தளைப் புரூச் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மயில் வடிவம், ஒரு கல் உதிர்ந்துவிட்டது. 

“இதைக் குத்திக்கொண்டு வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்கிறாள் தாய்.

“அந்த நாலு பேர் பார்க்கப்போவது என்னையா, அத்தையின் சங்கிலியையா அம்மா?” என்கிறாள் மகள்.

மகளின் சொல் கூர்மையானது. எனினும் தாயின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. தோட்டப்புற மக்களுக்குத் தங்கம் வெறும் அழகுப் பொருளாக இருந்ததில்லை. வங்கி வாயிலை மிதித்தறியாத பெண்ணுக்குக் கழுத்துச் சங்கிலியே சேமிப்பு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் எதிர்பாராத நோய்க்கும் அடகுக் கடையில் வைக்கத்தக்க காப்புறுதி. கழுத்து வெறுமையாக இருந்தால் ‘இவர்கள் வீட்டில் ஒன்றுமில்லை’ என்று பந்தியில் பின்வரிசைக்குத் தள்ளும் உலகத்தை அத்தாய் கண்டவள். அவள் இரவல் வாங்கியது நகையையன்று, ஒருநாள் மரியாதையை. 2025ஆம் ஆண்டில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் உலகச் சந்தை விலை 4,000 அமெரிக்க டாலரைக் கடந்தது. அத்தகைய காலத்தில் மரியாதையைப் பவுன் கணக்கில் அளக்கும் வழக்கம் எத்தனைக் குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே குறை தங்கத்தில் இல்லை, தாயிடத்தும் இல்லை. அணிந்தவரை மறந்து அணியின் விலையை மட்டும் எண்ணும் பார்வையிலேயே குறை இருக்கிறது. 

இனி, மகள் கையிலிருக்கும் புரூச்சை நோக்குவோம். அணிகலன்களுள் அது தனித்தன்மை உடையது. உடையைப் பற்றி நிறுத்தவேண்டிய தேவையே அதனைப் பெற்றெடுத்தது. வெண்கலக் காலத்து ஐரோப்பியர் தம் போர்வையின் இரு முனைகளைச் சேர்க்க உலோக ஊசிகளைச் செய்தனர். பின்னர் அவ்வூசியிலேயே கோலம் வரைந்தனர். 1849இல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட், இன்று நம் பெண்டிர் ஊக்கு என வழங்கும் பாதுகாப்பு ஊசிக்குக் காப்புரிமை பெற்றார். ஊக்கும் புரூச்சும் உடன்பிறந்தவை: ஒன்று தொழிலுக்குச் சென்றது, மற்றொன்று விழாவுக்குச் சென்றது. 

மலாய் மண்ணிலும் இதே கதைதான். கெபாயாவின் முன்புறத்தில் பொத்தான் வைக்கும் வழக்கம் இல்லாமையால், அதனை மூடிப் பிடிக்கக் ‘கெரோங்சாங்’ எனும் ஊசியணி பிறந்தது. மூன்றாக வரும் அதன் தொகுதியில் பெரியதைத் தாய் என்றும் சிறியவற்றைப் பிள்ளை என்றும் வழங்குவர். மலாக்கா செட்டி மகளிரும் கெபாயா உடுத்துக் கெரோங்சாங் குத்தும் மரபினர். மலாக்கா சுல்தானிய காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டு மொழி மலாயாக மாறிற்று, உடை மாறிற்று, சைவ வழிபாடோ மாறவில்லை. அவர்கள் முன்னோர் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிறர் மண்ணின் அணியைத் தம் மார்பில் குத்தியதனால் அவர்கள் தம்மை இழந்துவிடவில்லை. தாம் யார், எங்கே வாழ்கிறோம் என்னும் இரண்டையும் ஒருங்கே உரைத்தனர். 2024இல் மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் கூட்டு முயற்சியால் கெபாயா யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 

புரூச் பேசவும் வல்லது. இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஹாலோவே சிறை புகுந்தவர்களுக்கு 1909 முதல் ஓர் ஊசியணி வழங்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் சில்வியா பாங்கர்ஸ்ட்; அதில் இருந்தவை நாடாளுமன்றத்தின் இரும்புக்கதவுச் சின்னமும் கைதிகளின் அம்புக்குறியும். அவமானமென ஆட்சியாளர் தந்ததை அப்பெண்கள் அணியாக மாற்றி மார்பில் சூடினர். அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரான மேடலின் ஆல்பிரைட், அப்பதவிக்கு வருமுன், ஐ.நா. தூதராக இருந்தபோது ஈராக்கியச் செய்தித்தாளால் பாம்பென்று இகழப்பட்டார். அடுத்த முறை ஈராக் குறித்த கூட்டத்துக்குச் சென்றபோது அவர் மார்பில் பாம்பு வடிவ புரூச் இருந்தது. நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் 21 முதல் பள்ளி மாணவர் சீருடையில் ஜாலூர் கெமிலாங் சின்னம் இடம்பெற்றுள்ளது. சிறு துண்டு உலோகமோ துணியோ பேச முடியாததன்று. பல நேரங்களில் நாவைவிட நன்றாகவே பேசும். 

அங்ஙனம் பேச அதற்கு விலை வேண்டுமா? ஜெஞ்சாரோமுக்கு அண்மையிலுள்ள கேரித் தீவில் வாழும் மாமெரிப் பூர்வகுடியினர் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். அம்மகளிர் நீபா ஓலையை மடித்தும் முடைந்தும் விழாவுக்கான தலையணியும் தோளணியும் செய்வர். சில நாளில் அவை வாடிவிடும்; அடுத்த விழாவுக்குப் புதிதாக முடைவர். அடகு வைக்க இயலாத அணி அது. ஆயினும் முன்னோரை வணங்கும் நாளில் அதைவிடத் தகுந்த அணி அவர்களுக்கு வேறில்லை. 

மலிவானது எல்லாம் நல்லது என்று இதனால் கொண்டுவிடலாகாது. ஒருநாள் அணிந்து மறுநாள் எறியும் நெகிழி நகைகள் இன்று கடைதோறும் தொங்குகின்றன. எறியப்படும் பொருள் எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. 2018இல் சீனா தன் கதவை அடைத்தபின் வெளிநாட்டு நெகிழிக் கழிவு மலேசியாவில் வந்து குவிந்தது. ஜெஞ்சாரோமில் உரிமமின்றி இயங்கிய ஆலைகள் பெருகின. எரித்த புகையில் மக்கள் மூச்சுத் திணறினர். அவர்கள் போராடியதன் விளைவாகப் பல ஆலைகள் மூடப்பட்டன. உலகம் ‘எறிந்துவிட்டேன்’ என்று சொல்லும் இடத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதை அவ்வூர் அறியும். ஓலை மண்ணாகும், பித்தளை பேத்தி கைக்கு வரும், நெகிழியோ பிறர் மூச்சில் கலக்கும். அழகுணர்ச்சியும் அறவுணர்ச்சியும் வேறு வேறு அல்ல. 

எனில், நல்ல அணியை அறிவதற்கு உரைகல் எது? விலையன்று, பழமையுமன்று. ‘இதனை அணிந்தவர் தாமே விரும்பி அணிந்தாரா? தாமே விரும்பிக் கழற்ற இயலுமா?’ என்பதே அந்த உரைகல். அச்சமின்றிக் கழற்ற முடிவது அணி. அச்சத்தால் கழற்ற முடியாதது, பொன்னால் செய்ததாயினும், விலங்கு. 

1934இல் காந்தியடிகள் மலபாரில் வடகரைக்கு வந்தபோது, கௌமுதி என்னும் இளம்பெண் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். பின்னர்க் கழுத்தணியையும் காதணியையும் அவளே முன்வந்து அளித்தாள். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து விடுதலைக்கு நிதி கேட்டபோது, மலாயாவின் இந்தியப் பெண்கள் தம் நகைகளைக் கழற்றி வைத்தனர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த பெண்களும் சேர்ந்தனர். சேமிப்பனைத்தும் கழுத்தில் இருந்த ஒருத்தி அதனைத் தானே கழற்றிய அந்தக் கணத்தில்தான் அது முழுமையாக அவளுடையதாயிற்று. 

இதற்கு நேர்மாறான காட்சியும் நம் சமுதாயத்தில் உண்டு. கணவனை இழந்தவளிடமிருந்து தாலியையும் வளையலையும் பூவையும் பொட்டையும் பிறர் கைகள் களைந்த கொடுமையை எத்தனை வீடுகள் கண்டிருக்கின்றன! இளவயதில் அணியாவிட்டால் ஏளனம். பின்னொரு நாள் அணிந்தால் பழி. இரண்டிலும் அவள் விருப்பம் கேட்கப்படவில்லை. அணியச் சொன்னதும் ஊர். அகற்றச் சொன்னதும் ஊர். அவள் உடல் ஊராரின் விளம்பரப் பலகையாயிற்று. 

அந்தப் பித்தளை மயிலின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. ஜெஞ்சாரோம் வீட்டுப் பாட்டி இளமையிலேயே கணவனை இழந்தவள். வழக்கம் அவளுடைய தாலியைக் கேட்டது, மூக்குத்தியைக் கேட்டது, வளையலைக் கேட்டது. புரூச்சைப் பற்றி வழக்கத்துக்கு விதியொன்றும் தெரிந்திருக்கவில்லை. அது சேலைத் தலைப்பு நழுவாமல் பிடிக்கும் ஊசிதானே! ஆகவே அவள் ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சேலையின் தோளில் மயிலைக் குத்திக்கொண்டாள். ஊர் ஊசியைக் கண்டது. அவள் மயிலைக் கண்டாள். எவரும் தராததும் எவரும் பறிக்காததுமான ஒரே அணி அதுவாக இருந்தது. 

தாய் இதனை மறந்திருந்தாள். மகள் துடைத்த பளபளப்பைக் கண்டதும் நினைவு வருகிறது. சிலப்பதிகாரத்தில் இரு சிலம்புகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன. உள்ளே இருந்தது முத்தா, மாணிக்கமா என்பதே உண்மையை நிலைநாட்டிற்று. பித்தளை மயிலின் உள்ளும் அவ்வாறு ஒரு மாணிக்கம் இருந்தது. 

மறுநாள் அவர்கள் எவ்வாறு புறப்பட்டிருப்பார்கள்? இரவல் சங்கிலியைத் தாய் தன் கழுத்திலேயே அணிந்திருக்கலாம். நெடுநாள் பட்ட காயம் ஓரிரவில் ஆறுவதில்லை. அதற்காக அவளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. குறை நீங்க வேண்டியது பந்தியில் கழுத்தைப் பார்த்து இடம் ஒதுக்கும் கண்களிடத்தில். ஆனால் மகளின் தோளில் அந்த மயிலை நேராகக் குத்திவிட்டது தாயின் கைகளாகவே இருக்கும். உதிர்ந்த கல்லின் பள்ளத்தை மறைக்க அவள் முயன்றிருக்கமாட்டாள். நாலு பேரில் ஒருவரேனும் “இது யாருடையது?” என்று கேட்பார், ‘என்ன விலை?’ என்று கேட்கமாட்டார். விலையைக் கேட்கவைக்கும் நகை விற்பனைப் பொருள். வரலாற்றைக் கேட்கவைப்பதே அணி.