ஆடையும் ஓர் அமானிதமே!

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஆதமின் மக்களுக்கு மானத்தை மறைக்கவும், அழகாய் இருக்கவும் ஆடையை அருளியவன் அவனே. எல்லா ஆடையிலும் மேலானது தக்வா எனும் ஆடையே என்பதையும் திருமறையின் 'அஃராஃப்' அத்தியாயத்தில் அவன் தெளிவுபடுத்தி இருக்கிறான்.

சகோதர சகோதரிகளே! ரமலானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் நம் தூத்துக்குடி ஜவுளிக் கடைகளில் கால் வைக்க இடமிருப்பதில்லை. லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய இரவுகள் துணி தேடுவதில் கழிகின்றன. வீட்டிலோ பீரோக் கதவு மூட மாட்டேன் என்கிறது! இருந்தும், "உடுத்த ஒன்றுமில்லை" என்கிறோம். இது வறுமையா? இல்லை, கணக்கில்லாமையே.

நமக்கு எத்தனை ஆடை வேண்டும்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதற்கு அழகான வழி காட்டியுள்ளார்கள். வேலைக்கு உடுத்தும் துணியைத் தவிர, ஜும்ஆவுக்கென்று இரண்டு துணிகளை வைத்துக்கொண்டால் என்ன என்று அவர்கள் கேட்டதாக அபூதாவூதில் வருகிறது. இது உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைக்கும் நம் மக்களுக்கென்றே சொன்னது போல் இல்லையா? வியர்வையும் உப்பும் படிந்த துணியோடு பள்ளிக்கு வர வேண்டாம். அதற்காகப் பத்துச் சட்டைகளும் வேண்டாம். உழைப்புக்கு ஒன்று, தொழுகைக்கு ஒன்று என்று இடமறிந்து பிரித்து வைப்பதே சுன்னத்தான திட்டம்.

"அப்படியானால் நல்ல உடை உடுத்துவது குற்றமா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை! ஆடை அழகாக இருக்க வேண்டுமென்று விரும்புவது பெருமையாகாது. சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிவிட்டார்கள். இதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

மக்களை இழிவாகக் கருதும் அந்தப் பெருமை எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? கல்யாண வீட்டில், "இதையேதான் போன கல்யாணத்துக்கும் உடுத்தினீங்களா, லாத்தா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறோமே, அந்த ஒரு வார்த்தையில்! அதைக் கேட்டவள் கூசிப் போகிறாள். அடுத்த கல்யாணத்துக்குள் கணவனை நச்சரிக்கிறாள், அல்லது நகையை அடகு வைக்கிறாள். அல்லாஹ்வின் பாதையில் உயிரைக் கொடுத்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்று ஹதீஸ் எச்சரிக்கும்போது, ஒரு பட்டுச் சேலைக்காக ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிய பாவத்தில் நம் நாவுக்கும் பங்கில்லையா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள முரட்டுத் துணிச் சட்டை ஒன்றை அணிந்திருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அதே போன்ற ஒரு சட்டை தம்மிடம் இருந்ததாகவும், மதீனாவில் தன்னை அலங்கரித்துக்கொள்ள விரும்பிய பெண்களெல்லாம் அதை இரவல் கேட்டு ஆள் அனுப்பியதாகவும் அவர்களே சொன்னதை இமாம் புகாரீ பதிவு செய்கிறார்கள். ஒரே சட்டை எத்தனை வீடுகளின் மகிழ்ச்சிக்கு உதவியது! இன்றோ ஒரு நாள் உடுத்திய நிக்காஹ் சேலை ஆயுள் முழுதும் பெட்டிக்குள் உறங்குகிறது. அதை மஹல்லாவின் ஓர் ஏழை மணப்பெண்ணுக்கு இரவல் கொடுத்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

ஆகவே கடைக்குப் போகுமுன் பீரோவைத் திறப்போம். ஓர் இரவு இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு உட்கார்ந்து துணிகளை மூன்றாகப் பிரிப்போம். வாரந்தோறும் உடுத்துபவை ஒன்று. பொத்தானோ தையலோ போட்டால் உடுத்தக்கூடியவை ஒன்று. போன பெருநாளிலிருந்து தொடாதவை ஒன்று. பிறகு எது உண்மையில் குறைகிறது என்று எழுதிக்கொண்டு, அதை மட்டும் வாங்குவோம். வாங்குவதும் இருப்பதோடு சேருவதாக இருக்கட்டும். ஒரு வெள்ளைச் சட்டை நான்கு கைலிக்கும் பொருந்தும். ஒரே நிறத் துப்பட்டா மூன்று சுடிதாருக்குப் போதும். வளரும் பிள்ளைகளுக்கு உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொன்னால், அடுத்த வருடமும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். நிழலில் உலர்த்தினால் சாயமும் நிற்கும்.

தொடாத அந்த மூன்றாவது குவியல்? அதில் பிறருக்கு ஹக்கு இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தைப் பெருமழை தாக்கியதை மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் புகுந்த வீட்டாருக்கு அன்று வேண்டியிருந்தது பட்டும் ஜரிகையும் அல்ல. உலர்ந்த ஒரு மாற்றுத் துணி! அத்தகைய நேரத்தில் கிழிசலைக் கட்டிக் கொடுப்பது தருமமாகாது. நமக்கே தந்தால் முகம் சுளித்து வாங்கும் பொருளைப் பிறருக்குக் கொடுக்க நாடாதீர்கள் என்பது 'பகரா' அத்தியாயத்தின் கட்டளை. உடுத்தும் நிலையில் இருக்கும்போதே, துவைத்து மடித்துக் கொடுப்போம்.

ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணத் தறுவாயில், தாம் உடுத்தியிருந்த பழைய துணியையே கழுவி, மேலும் இரண்டைச் சேர்த்துக் கபனிடச் சொன்னார்கள். அது பழையதாயிற்றே என்று அருமை மகளார் ஆயிஷா (ரலி) கூறியபோது, புதுத் துணிக்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே உரியவர் என்று பதில் தந்தார்கள். ஒரு பெரும் அரசின் கலீஃபா, தம் கடைசி உடையிலும் பிறர் தேவையை எண்ணினார்கள்! நம் கடைசி உடைக்கு ஜரிகையும் இல்லை, பையும் இல்லை. அதற்கு முன் உடுத்தியவற்றுக்கெல்லாம், எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவிட்டாய் என்ற கேள்வி உண்டு.

அந்தக் கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்லும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.