இரண்டு அறைகள்

சிப்பந்திகளுக்கு உற்சாகம் ஊட்டுவதற்கென்றே உபந்நியாசகர்களை வரவழைத்து, ஒற்றுமையின் மகிமையைப் பற்றியும் தலைமையின் லட்சணங்களைப் பற்றியும் அரை நாள் பேசச் செய்து, முடிவில் நல்ல சாப்பாடும் போட்டு அனுப்பிவைக்கும் வழக்கம் நம் காரியாலயங்களில் வேரூன்றிவிட்டது. சாப்பாட்டைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. ஆனால் வேலையில் மனிதனுக்கு உண்டாகும் ஊக்கம், மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு வார்க்கக்கூடிய ஒரு வஸ்துதானா என்ற சந்தேகம் எனக்கு வெகு நாளாக உண்டு. அந்தச் சந்தேகம் தலைதூக்கும்போதெல்லாம், அமெரிக்காவில் சிக்காகோ நகரை ஒட்டிய சிசரோ என்னும் ஊரில் டெலிபோன் கருவிகள் செய்துவந்த ஹாதார்ன் தொழிற்சாலையின் இரண்டு அறைகளை நினைத்துக்கொள்வேன்.

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமான அந்தத் தொழிற்சாலையில், விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தியும் கூடுமா என்று 1924இல் ஒரு பரீட்சை தொடங்கினார்கள். வெளிச்சம் கூடிய இடத்தில் உற்பத்தி கூடியது. கூடாத இடத்திலும் கூடியது. குறைத்துப் பார்த்தபோதும் வெகுதூரம் வரை குறையவில்லை. நிலவொளிக்கு ஒப்பான மங்கலில் இரண்டு பெண்கள் சளைக்காமல் வேலை செய்ததைக் கண்ட பிறகு, விளக்கை நம்பி வந்த என்ஜினீயர்கள் வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று.

அதன் பயனாக 1927இல் ஏற்பட்டதுதான் முதல் அறை. ரிலே என்னும் சிறு கருவியை இணைக்கும் பெண்கள் ஐவரையும், அவர்களுக்கு உறுப்புகளை எடுத்துக் கொடுக்க ஒருத்தியையும் பெருங்கூடத்திலிருந்து பிரித்துத் தனியே அமர்த்தினார்கள். முப்பத்தைந்து நுண்ணிய உறுப்புகளைச் சேர்த்துத் திருகாணிகளால் முடுக்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் ஒரு கருவியை முடித்துப் பக்கத்திலுள்ள சரிவுக் குழலில் போட்டால், ஓடிக்கொண்டிருக்கும் காகித நாடாவில் ஒரு துளை விழும்; அந்தத் துளைகளே கணக்கு. காலையில் சிறிது ஓய்வு, பிறகு நீண்ட ஓய்வு, ஓய்வோடு சிற்றுண்டி, பிறகு வேலை நேரத்தில் குறைப்பு என்று ஒவ்வொரு மாறுதலாகச் செய்து பார்த்தார்கள். வாரத்துக்கு ஆள் ஒருவருக்குச் சுமார் 2,400 ஆக இருந்த கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. 1928இல் எல்லாச் சலுகைகளையும் பிடுங்கிக்கொண்டு, பழைய நாற்பத்தெட்டு மணி நேர வாரத்துக்கே பன்னிரண்டு வாரம் திருப்பிவிட்டபோதும் அந்த எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கவில்லை.

ஹார்வர்டிலிருந்து வந்த எல்டன் மேயோவும் அவருடைய சகாக்களும் இதற்குச் சொன்ன விளக்கம் உலகப் பிரசித்தமானது. அந்தப் பெண்களை ஒவ்வொரு மாறுதலுக்கும் முன்னால் அதிகாரியின் அறைக்கு அழைத்து அபிப்பிராயம் கேட்டார்கள். தலைக்கு மேல் நின்று அதட்டும் போர்மன் அங்கே இல்லை. பேசிக்கொண்டே வேலை செய்யலாம். ஆகவே அவர்கள் மனமுவந்து உழைத்தார்கள் என்பது அந்த விளக்கம். இது உண்மைதான், முழு உண்மையன்று. பெருங்கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு பங்கு போட்டுக்கொண்ட துண்டுக்கூலி, இங்கே அந்தச் சிறு குழுவின் கணக்கிலேயே சேர்ந்தது. அதாவது கூடுதலாகப் பாடுபட்டால் கூடுதல் பணம் பாடுபட்டவர் கையிலேயே தங்கியது. மேலும், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று ஆரம்பத்தில் இருந்த இரண்டு பெண்களை 1928 ஜனவரியில் அறையை விட்டு அனுப்பி, வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். அன்பான தலைமையின் வெற்றியைக் கொண்டாடும் நூல்களில் வெளியே அனுப்பப்பட்ட இருவருக்கு ஓர் அடிக்குறிப்பாவது கிடைத்தால் அதிருஷ்டம்.

இரண்டாவது அறையைப் பற்றி நம் உபந்நியாசகர்கள் வாய் திறப்பதில்லை. 1931 நவம்பரில், டெலிபோன் நிலையங்களுக்கான ஸ்விட்சுகளுக்குக் கம்பி இணைக்கும் வேலையில் ஈடுபட்ட ஆண்கள் பதினான்கு பேரை ஓர் அறையில் அமர்த்தி, எதையும் மாற்றாமல் வெறுமனே கவனித்துவந்தார்கள். கம்பெனி வகுத்த கணக்கு நாளொன்றுக்கு 7,312 இணைப்புகள். தொழிலாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்டதோ ஆறாயிரம், ஆறாயிரத்து அறுநூறு. அதற்கு மேல் கைவேகம் காட்டுகிறவனுடைய புஜத்தில் பக்கத்திலிருப்பவன் எழுந்து வந்து ஓங்கி ஒரு குத்து விடுவான்; வாங்கியவன் வேண்டுமானால் பதிலுக்கு ஒன்று கொடுக்கலாம்; அதற்குமேல் சச்சரவு கிடையாது. மிகக் குறைவாகச் செய்கிறவனுக்கும் ஏச்சு உண்டு. மேலதிகாரியிடம் கோள் சொல்கிறவனை யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை.

இவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. நிர்வாகிகள் எந்நாளும் வேண்டி நிற்கும் கூட்டுணர்ச்சி இந்த அறையில்தான் பூரணமாக இருந்தது. விதிகள் தடுத்தும் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள், வேலையை மாற்றிக்கொண்டார்கள், ஒரே நீதிக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள். ஆனால் அந்த ஒற்றுமை முழுவதும் கம்பெனிக்கு எதிரே எழுப்பிய மதிலாக நின்றது. வெளியே பெருமந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். அதிகம் செய்து காட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், அல்லது சிலரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று உள்ளே இருப்பவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் அர்த்தமற்றதென்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

சிசரோவுக்குத்தான் போக வேண்டுமென்பதும் இல்லை. நான் பார்த்த ஒரு காரியாலயத்தில், தன் கட்டுக் காகிதங்களை மூன்று மணிக்குள் முடித்துவிடும் குமாஸ்தாவின் மேஜைக்கு, முடிக்காதவருடைய கட்டும் தவறாமல் வந்து சேரும். "நீங்கதான் சார் சீக்கிரம் முடிப்பீங்க" என்று ஒரு பாராட்டும் கூட வரும். சில மாதங்களில் அவரும் ஐந்து மணிக்கே முடிக்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு உற்சாகம் குறைந்துவிட்டதென்று மேலாளர் வருத்தப்பட்டார். திறமைக்குத் தண்டனை விதித்தவர் தாமே என்பது கடைசி வரை அவருக்குத் தோன்றவேயில்லை. அந்தக் காரியாலயத்தில் தலைவருக்குரிய வேலை, குமாஸ்தாவைத் தட்டிக்கொடுப்பது அன்று, அந்த இரண்டாவது கட்டு வராமல் தடுப்பது.

ஹாதார்னில் 1928 முதல் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை அழைத்து, அவர்கள் குறைகளைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பின்னர் 1936இல், இதற்கென்றே நிரந்தரமாக ஆலோசகர்களையும் நியமித்தார்கள். கேட்பதே அந்த ஆலோசகர்களின் உத்தியோகம். கேட்ட குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களிடம் கிடையாது. கொட்டித் தீர்த்த மனம் சிறிது லேசாகியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்றால், அவர்களை உட்கார வைத்து அபிப்பிராயம் கேட்குமுன், அவர்கள் சொல்வதில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் மாற்றும் அதிகாரத்தை மேலிடத்திலிருந்து வாங்கிக்கொண்டு பிறகு கேளுங்கள்.