எல்லை வகுத்தல் ஐயமா, அறமா?

எல்லை என்னும் சொல்லை மனித மனம் எளிதில் விரும்புவதில்லை. எல்லை வகுப்பவனைக் குறுகிய நெஞ்சினன் என்றும், வந்ததையெல்லாம் ஏற்பவனைப் பரந்த உள்ளத்தினன் என்றும் உலகம் பேசுகிறது. பிறர் சுமையைத் தாங்கும் பொறுப்பில் உள்ளவன், "இவ்வளவே ஏற்பேன்" என்று முன்கூட்டியே வரையறுப்பது பிறர்மீது கொண்ட ஐயமாகுமா? அன்றி அதுவே அவனுக்குரிய அறமாகுமா? ஆராயத் தக்க வினா இது.

இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்கு ஜொகூர் மாநிலத்தின் மெர்சிங் ஏற்றதோர் இடம். தென்சீனக் கடலை நோக்கி நிற்கும் அவ்வூரிலிருந்து தியோமான் தீவுக்குப் படகுகள் செல்கின்றன. ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்ததாதலின், கடலின் ஏற்றவற்றம் பார்த்தே படகு புறப்படும் நேரம் குறிக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் போக்குவரத்துக் குறைகிறது. கடல் சீறும் நாள்களில் நின்றும் போகிறது. கரையில் காத்திருப்போர்க்கு அது வருத்தந்தான். எனினும், படகோட்டி தங்களை நம்பவில்லை என்று எவரும் மனம் புண்படுவதில்லை.

அதே மெர்சிங்கில் கண்ணுக்குத் தெரியாத வேறொரு போக்குவரத்தும் உண்டு. 2009ஆம் ஆண்டில் பணிக்கு வந்த, ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் நீளமுள்ள ஆசிய அமெரிக்க நுழைவாயில் என்னும் கடலடி வடம் அங்கே கரையேறுகிறது. மலேசியாவை அமெரிக்காவின் கலிபோர்னியாவோடு இணைக்கும் வடம் அது. இத்தகைய வடங்களில் செய்திகள் சிறுசிறு பொட்டலங்களாகச் செல்கின்றன. படகுத் துறையில் எளிதில் விளங்கும் எல்லையின் அறம், அப்பொட்டலங்களைப் பிரித்துப் படிக்கும் கணினிகளில் ஒருகால் மறக்கப்பட்டது. அவ்வரலாறு படிப்பினை மிக்கது.

கணினியில் ஏனைய நிரல்கள் அனைத்திற்கும் அடித்தளமாய் நின்று, நினைவகத்தையும் கோப்புகளையும் வலைத் தொடர்பையும் பங்கிட்டு அளிக்கும் பகுதியைக் கருநிரல் என்பர். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருநிரலில் 2016ஆம் ஆண்டு ஒரு குறை வெளிப்பட்டது. சி.வி.இ.-2016-7039 என்பது அதற்குத் தரப்பட்ட எண். வந்துசேரும் சிறு பொட்டலங்களை ஒன்றுசேர்த்து வேலையை விரைவாக்கும் ஜி.ஆர்.ஓ. என்ற பகுதியில் அக்குறை இருந்தது. அப்பகுதி பொட்டலத்தின் மேலுள்ள சீட்டைப் படிக்கும். உள்ளே இன்னொரு சீட்டு இருக்கக் கண்டால், அதைப் படிப்பதற்கு அதே பணியை மீண்டும் அழைக்கும். இவ்வாறு ஒரு பணி தன்னையே அழைத்துக்கொள்வதைத் தற்சுழற்சி என்பர்.

தற்சுழற்சி தன்னளவில் குற்றமுடையதன்று. ஐந்தின் காரணீயப் பெருக்கம் காண்பதற்கு ஐந்தை நான்கின் காரணீயப் பெருக்கத்தால் பெருக்க வேண்டும், நான்குக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு. ஒன்று வந்ததும் கணக்கு நிற்கிறது. நிற்கும் இடம் ஒன்று உறுதியாக இருப்பதாலேயே அக்கணக்கு விடை தருகிறது. 2016இல் வெளிப்பட்ட குறையிலோ, நிற்கும் இடத்தைப் பொட்டலத்தை அனுப்பியவனே தீர்மானித்தான். வி.எல்.ஏ.என். எனப்படும் வலைச்சீட்டின் அளவு 4 பைட் மட்டுமே. 1,500 பைட் கொள்ளும் இடத்தில் சீட்டுகளையே அடுக்கினால் 375 சீட்டுகள் அடங்கும். ஒவ்வொரு சீட்டைப் பிரிக்கும்போதும், மீண்டு வரவேண்டிய இடத்தைக் கருநிரல் தன் அடுக்கில் குறித்து வைக்கும். பரவலாக வழங்கும் 64 பிட் கணினிகளில் அவ்வடுக்கின் அளவு, 2014இல் பெருக்கப்பட்ட பின்னரும், 16 கிலோபைட்தான். வஞ்சகமாக அடுக்கப்பட்ட பெரிய பொட்டலம் ஒன்று வந்தால் அடுக்கு நிரம்பி வழியும், கருநிரல் நிலைகுலையும்.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், மயிற்பீலியே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் உவமையாகக் காட்டினார். 4 பைட் சீட்டும் ஒரு மயிற்பீலிதான். தனித்து நோக்கின் எந்தச் சீட்டும் சுமையன்று. பிரிக்கும் பணியும் ஒவ்வொரு முறையும் தன் கடமையைச் சரியாகவே செய்தது. தான் எத்தனையாவது ஆழத்தில் நிற்கிறோம் என்பதை அறியும் வழி மட்டும் அதற்கு இல்லை. ஒவ்வோர் அடியும் முறையானதாக இருக்கவே, முழுப் பயணம் அழிவில் முடிந்தது. ஆதலின், எல்லை என்பது பயணத்தின் நடுவே தோன்றுவதற்கில்லை. தொடக்கத்திலேயே உடன்வர வேண்டும்.

திருத்தம் செய்தோர் கைக்கொண்ட வழியும் இதுவே. எத்தனை முறை அழைப்பு நிகழ்ந்தது என்னும் கணக்கைப் பொட்டலத்தோடு சேர்த்தே வைத்தனர். 15 முறைக்கு மேல் செல்லலாகாது என வரையறுத்தனர்.

இதற்கு மறுப்புகள் எழலாம். முதலாவது, பொட்டலத்தை வஞ்சகமாக அடுக்கியவனன்றோ குற்றவாளி, பிரித்தவனை ஏன் குறை கூற வேண்டும் என்பது. அடுக்கியவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவனது குற்றம் மற்றொருவனது கடமையைக் குறைத்துவிடாது. சாதாரண நிரல் ஒன்று வீழ்ந்தால் பெரும்பாலும் அது மட்டுமே வீழும். கருநிரல் வீழ்ந்தால் அதனை நம்பி நின்ற அனைத்தும் வீழும். தாங்கும் சுமை பெருகப் பெருக, காத்துக்கொள்ளும் கடமையும் பெருகுகிறது.

இரண்டாவது மறுப்பு, 15 என்னும் எண்ணுக்கு என்ன நியாயம், 16 ஏன் ஆகாது என்பது. எண்ணைச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம்; எல்லையே வேண்டா என்பதற்கு அது சான்றாகாது. நேர்மையான பொட்டலத்தில் ஓரிரு சீட்டுகளே வழக்கமாக இருக்கும். அதற்கு மிக மேலாகவும், முறியும் நிலைக்கு மிகக் கீழாகவும் கோடு கிழிப்பதே அறிவுடைமை.

மூன்றாவது மறுப்பே வலியது: எல்லை கடந்து வந்த நல்ல பொட்டலமும் தண்டிக்கப்படாதா? இங்கே அத்திருத்தத்தின் நயம் புலப்படுகிறது. எல்லையைத் தொட்ட பொட்டலத்தை அந்தப் பகுதி அழிப்பதில்லை. ஒன்றுசேர்க்கும் முயற்சியை மட்டும் கைவிட்டு, வழக்கமான மெதுவான பாதையில் அனுப்பிவிடுகிறது. மறுக்கப்படுவது சலுகையே. நல்ல எல்லை பிறரை விலக்குவதற்கு எழுந்ததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மையைப் பண்டைய அறிஞரும் வேறு வகையில் உணர்ந்திருந்தனர். ஒன்றுக்கு ஆதாரமாக இன்னொன்றையும், அதற்கு ஆதாரமாக மற்றொன்றையும் முடிவின்றிக் காட்டிச் செல்வதை அனவஸ்தை என்னும் குற்றமாக இந்திய அளவை நூலார் கொண்டனர். எல்லாவற்றுக்கும் நிறுவல் கேட்டால் எதுவுமே நிறுவப்படாது என்பதால், நிறுவல் வேண்டாத முதற்கோள்களில் அறிவு ஊன்றி நிற்க வேண்டும் என்றார் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில். சிந்தனைக்கும் நிற்கும் இடம் வேண்டும்.

மனித வாழ்வில் இக்குறை இல்லாத இடம் அரிது. கடனை அடைக்க ஒரு கடன், அதனை அடைக்க இன்னொரு கடன் என்று செல்பவன், ஒவ்வொரு முறையும் நேர்மையாகவே கடன் அடைக்கிறான். எனினும் மீளாத ஆழத்தில் இறங்கிக்கொண்டே இருக்கிறான். பழிக்குப் பழி வாங்குவோனும் தன் முறையை மட்டுமே காண்கிறான். எத்தனையாவது முறை என்று எண்ணுவதில்லை. எவர் கேட்டாலும் மறுக்காமல் எல்லாப் பணியையும் ஏற்கும் நல்லவர் ஒருநாள் முறிந்து வீழும்போது, அவரை நம்பியிருந்தோரும் உடன் வீழ்கின்றனர். இவர்களிடம் இல்லாதது நல்லெண்ணம் அன்று; ஆழத்தை அளக்கும் ஒரு கணக்கு.

பொங்கும் கடலைக் கண்டு படகைக் கரையிலேயே நிறுத்துபவன் பயணிகளை வெறுப்பவன் அல்லன்; அவர்களது உயிரின் பொருட்டே அவ்வாறு செய்கிறான். தன் வலிமையின் அளவை அறிந்து, அமைதியான வேளையிலேயே எல்லை வகுத்து, அவ்வெல்லை வந்தபோது நிற்பதற்கு நாணாதவனே பிறர் சுமையை நெடுநாள் தாங்க வல்லவன். அத்தகையோன் வகுக்கும் எல்லை ஐயத்தின் குறி ஆகாது; தன்னை நம்பியோர்க்கு அவன் செலுத்தும் அறக்கடனே ஆகும்.