மறதி ஆறும் மன்னிப்பும்

போர்த்துகல் நாட்டின் வடகோடியில், 'பச்சை' எனப் பெயர்பெற்ற திராட்சை இரசத்தின் தாயகத்தில், போந்தே தெ லீமா என்னும் சிற்றூர் உள்ளது. 1125-ஆம் ஆண்டில் அரசி தெரேசா உரிமைப் பட்டயம் வழங்கிய பழம்பதி அது. நாம் சந்தியாகப்பர் என்றழைக்கும் புனித யாக்கோபின் கல்லறையை நாடி, ஸ்பெயினின் கொம்போஸ்தெலாவுக்கு நடந்துசெல்லும் திருப்பயணிகள் பலர் இவ்வூரின் கற்பாலத்தைக் கடக்கின்றனர்.

பாலத்தின்கீழ் ஓடும் லீமா ஆற்றைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த உரோமைப் படைவீரர், கிரேக்கப் புராணம் கூறும் மறதியின் ஆறு இதுவே என்றெண்ணி இறங்க அஞ்சினர். தளபதி தெசிமுஸ் யூனியுஸ் புரூட்டுஸ் தனியே கடந்து, மறுகரையில் நின்று வீரர்களைப் பெயர்சொல்லி அழைத்தாராம். அவர்தம் அச்சம் அகன்றது.

மன்னிப்பது என்றால் மறப்பதா? வடுக்களோடு நடக்கும் மனிதன் மறதியை வேண்டுவது இயல்பே. ஆனால் மறதி, இழைத்த தீமையோடு அதனால் துன்புற்றவரின் கண்ணீரையும் அழித்துவிடுகிறது. திபேரியக் கடலருகே உயிர்த்த ஆண்டவர், மும்முறை மறுதலித்த பேதுருவிடம் ஒன்றும் நடவாததுபோல் நடந்துகொள்ளவில்லை. அவரைப் பெயர்சொல்லி அழைத்தார். மும்முறை அன்பைக் குறித்தே வினவினார். பின் தம் மந்தையை அவரிடம் ஒப்படைத்தார். அந்தக் கசந்த நினைவே பேதுருவின் பணிக்கு வாயிலாயிற்று.

பகை முற்றினால் நாம், "அவன் பெயரையே எடுக்காதே" என்கிறோம். தீங்கிழைத்தவரின் பெயரை, நடந்ததை மறவாமலே, அன்போடு உச்சரிக்கும் நாளில் நாமும் அந்த ஆற்றைக் கடந்திருப்போம்.