வெட்டாத கறி பூமிக்கு நல்லதா?



நண்பர்களே, ஆட்டையோ கோழியையோ வெட்டாம, அதோட செல்லை மட்டும் எடுத்து ஆய்வகத்துல வளர்க்கிற கறி இப்போ கதை இல்லை. 2013-ல் மார்க் போஸ்ட் லண்டன்ல இப்படி ஒரு மாட்டுக்கறி பர்கரைக் காட்டினார். 2020 டிசம்பர்ல சிங்கப்பூர் ஆய்வகக் கோழிக்கறியை விற்க அனுமதித்தது. 2019-லேயே ஹைதராபாத் சிசிஎம்பிக்கு இந்த ஆராய்ச்சிக்காக மத்திய அரசு நிதி கிடைத்தது. "உயிர் போகலை, பூமிக்கும் நல்லது"ன்னு நம்மில் பலர் சந்தோஷப்படுறோம். முதல் பாதி சரி. ரெண்டாவது பாதியைக் கொஞ்சம் யோசிக்கணும்.

கால்நடையால வர்ற கெடுதல் உண்மைதான். மனிதர்களால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருதுன்னு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் கணக்கு சொன்னது. அசைபோடும் மாடும் ஆடும் ஏப்பத்துல மீத்தேன் விடுது. தீவனத்துக்கு நிலமும் தண்ணியும் போகுது. நம்ம விருதுநகர் கரிசல்ல விளையிற மக்காச்சோளமே பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குத்தான்.

ஆனா ஆட்டோட உடம்பு தன் சூட்டைத் தானே பாத்துக்கும், கிருமியோட தானே சண்டை போடும். ஆய்வகத் தொட்டிக்கு அந்த வேலையை எல்லாம் ராப்பகலா கரண்டு செய்யணும். மீத்தேன் சுமார் 12 வருஷத்துல சிதைஞ்சிடும். நிலக்கரி எரிச்சா வர்ற கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கா காத்துல நிக்கும். அதனால கரண்டு சுத்தமா இல்லைன்னா, ஆய்வகக் கறி நாளடைவுல மாட்டை விட அதிகமா பூமியைச் சூடாக்கவும் கூடும்னு 2019-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் காட்டினாங்க. தூத்துக்குடி அனல்மின் கரண்டுல ஓடுற தொட்டியும் கயத்தாறு காத்தாலைக் கரண்டுல ஓடுற தொட்டியும் ஒண்ணு இல்லை.

இன்னொரு விஷயம். ஆனைக்குட்டம் பக்கத்துக் கரிசல் காட்டுல ஆடுன்னா கறி மட்டும் இல்லை. அறுப்பு முடிஞ்ச காட்டுல மேயும். ராத்திரி கிடை போட்டா புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ஆடு போனா அந்த இடத்துக்கு யூரியா மூட்டை வரும். அதைச் செய்யவும் எரிவாயு வேணும். மழை பொய்த்த வருஷத்துல ரெண்டு ஆட்டை வித்துத்தான் பல வீட்டுல பிள்ளைங்க ஃபீஸ் கட்டுறாங்க.

அதனால என் கருத்து இதுதான். அடைச்சு வச்சு, விளைஞ்ச தானியத்தைப் போட்டு வளர்க்கிற பெரிய பண்ணைக்குப் பதிலா, காத்து, வெயில் கரண்டுல ஓடுற ஆய்வகக் கறி வரட்டும். கிடை ஆட்டுக்குப் பதிலா வேண்டாம்.

கொல்லாமை பெரிய அறம். ஆனா கத்தியைக் கீழே வச்சதோட கணக்கு முடியாது. பட்டாசு எங்கேயோ வெடிக்குது, அதோட பாடு சிவகாசியில இருக்குன்னு நமக்குத் தெரியும். தட்டுல வர்ற கறிக்கும் அப்படித்தான்: புகை எங்கே போச்சு, யார் பிழைப்பு போச்சுன்னு கேட்டுட்டு அப்புறம் நல்லதுன்னு சொல்லுவோம்.