வாங்கிக் கொடுத்தவன்

அன்பின் பொருட்டுப் பிறர் கேட்டதை வாங்கிக் கொடுத்தவனுக்கு அதன் விளைவில் பங்குண்டா? 1962-இல் குருதத் தயாரிக்க, அப்ரார் ஆல்வி இயக்கிய 'சாஹிப் பீபி அவுர் குலாம்' என்னும் இந்திப் படம் இவ்வினாவை எழுப்புகிறது. பிமல் மித்ராவின் வங்க நாவலே அதன் மூலம்.

கல்கத்தாவில் ஒரு ஜமீன்தார் மாளிகை. உழைப்பை இழிவாக எண்ணும் ஆடவர், புறா விடுவதிலும் நாட்டியக்காரியர் இல்லங்களிலும் செல்வத்தைக் கரைக்கின்றனர். இளைய மருமகளாக மீனா குமாரி. கணவனை வீட்டில் நிறுத்த முதலில் குங்குமத்தை நம்புகிறாள். அது பொய்த்தபின் அவனுக்காக மதுவைத் தொடுகிறாள். வாங்கி வந்து கொடுப்பவன் பூத்நாத் என்னும் எளிய ஊழியன். பின்னர் அவனே நிறுத்துமாறு இறைஞ்சுகிறான், பழக்கம் விடவில்லை. இறுதியில் குல மானத்தின் பெயரால் அவள் கொல்லப்படுகிறாள். ஆண்டுகள் கழிந்தபின், இடிபடும் மாளிகையில் வளையணிந்த எலும்புக்கூடு வெளிப்படுகிறது.

மாளிகையை வீழ்த்தியது ஆடவரின் செருக்கே. ஆயினும் என் நெஞ்சை விட்டகலாதவன் பூத்நாத். அவன் தீயவன் அல்லன், மறுக்கத் தெரியாதவன். மறுத்திருந்தால் அவள் சினத்துக்கு ஆளாகியிருப்பான். மறுக்காமையால் அவளையே இழந்தான். 'மேலிடத்து ஆணை' என்று எழுதியே இருபது ஆண்டுகள் கோப்புகளை நகர்த்திய எனக்கு, அவனைப் பழிக்க நா எழவில்லை. குற்றமற்றவன் என்று விடுவிக்கவும் மனம் இசையவில்லை.

உற்றார் தொலைவில் இருக்க, அயலூரில் வாழும் நமக்கு நண்பரே சுற்றம். கேட்டதைக் கொடுப்பவர் பலர் கிடைப்பர். வேண்டாம் என்று தடுக்கும் ஒருவராவது நம் இல்லத்துக்கு வந்து போகட்டும். பிறர் இல்லத்தில் நாமும் அவ்வொருவராய் இருப்போமாக.